பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள் – வாசகர் கேள்வி பதில்

காலைச் சாப்பாடு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். இட்லி, தோசை பற்றி வரும் என்று பார்த்தால், வந்த கடிதங்களில் முக்கால்வாசி சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருக்கிற கார்ன்ஃப்ளேக்ஸ், ஓட்ஸ் மாதிரி சீரியல் அட்டைப்பெட்டிகளைப் பற்றித்தான். அதுவும் குழந்தைகளுக்காக இல்லை, பெரியவர்கள் தங்களுக்காகவே கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை அதை மட்டுமே பார்த்துவிடலாம்.

ஏனுங்க அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 37. எட்டரைக்குள் கம்பெனியில் இருக்கணும், அதனால் காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ்தான். ஆனால் பத்தரைக்கெல்லாம் பசி வந்து கேன்டீன் பஜ்ஜியில் போய் முடியுது. மூஸ்லி, கிரனோலா, ஓட்ஸ், மல்டிகிரைன் என்று கடையில் ஒரு வரிசையே இருக்குதுங்க. எல்லாத்துலயும் 'ஹெல்தி'ன்னு போட்டிருக்கு. ருசியாவும் இருக்கணும், உடம்புக்கும் ஆகணும். எதை வாங்கறது?
– ஒரு வாசகி, திருப்பூர்

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், தங்கச்சி. முன்பக்கம் விளம்பரக்காரர் எழுதியது; பின்பக்கம் சட்டத்துக்குப் பயந்து எழுதியது. கோதுமைக்கதிர் படம், தேன் சொட்டுகிற படம், இடுப்பை அளக்கிற டேப் எல்லாம் முன்னால் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் இரண்டே சங்கதி: என்னென்ன போட்டுச் செய்தார்கள் என்ற பட்டியல் ஒன்று, 100 கிராமில் என்ன சத்து எவ்வளவு என்ற கட்டம் ஒன்று.

பட்டியலில் எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் முழுத் தானியம் இருக்கிறதா, இரண்டாவது இடத்திலேயே சர்க்கரை வந்து உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். சர்க்கரை எப்போதும் தன் சொந்தப் பெயரில் வராது. குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம் என்று நாலாகப் பிரிந்து பட்டியலில் ஆங்காங்கே நிற்கும், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், கூட்டினால்தான் சேதி தெரியும். 'மல்டிகிரைன்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், அந்தப் பல தானியங்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எத்தனை சதவீதம் என்று இருப்பதையும் தேடுங்கள். ராகி 4%, ஓட்ஸ் 5%, மீதி மக்காச்சோள மாவும் அரிசி மாவும் என்று இருந்தால் அது பெயரளவில் மல்டிகிரைன்.

அப்புறம் அந்தக் கட்டம். அதில் நூறு எண் இருந்தாலும் நமக்கு மூன்று போதும்: சேர்த்த சர்க்கரை, நார்ச்சத்து, சோடியம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சர்க்கரை குறைவு' என்று போட முடியாது. 6 கிராம் நார்ச்சத்தாவது இருந்தால்தான் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போடலாம். பிரிட்டனில் 100 கிராமுக்குச் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் பெட்டியில் சிவப்பு அடையாளம். இவற்றை வைத்து நான் எல்லோருக்கும் சொல்வது: சேர்த்த சர்க்கரை 10 கிராமுக்குள், நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல், சோடியம் 400 மில்லிகிராமுக்குள். சேர்த்த சர்க்கரை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்ஸோடு திராட்சையும் பேரீச்சையும் கலந்த மூஸ்லியில் மொத்தச் சர்க்கரை கூடுதலாகத் தெரியும், அதில் ஒரு பங்கு பழத்தோடு வந்தது. இரண்டு எண்ணும் கட்டத்தில் தனித்தனியாக இருக்கும்.

உங்கள் பத்தரை மணிப் பசிக்கு வருகிறேன். சாதா கார்ன்ஃப்ளேக்ஸில் சர்க்கரை பெரிய குற்றம் இல்லை, 100 கிராமுக்கு 8, 10 கிராம் இருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நார்ச்சத்து 2, 3 கிராம்தான், புரதம் 7 கிராம் வாக்கில். வயிற்றில் நிற்க அதில் ஒன்றும் இல்லை, சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிட்டு இறக்கிவிடும். அதன் கிளைசீமிக் எண் (ஒரு சாப்பாடு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டுகிற எண்) 80 பக்கம் வரும். பஜ்ஜி உங்கள் தப்பே இல்லை.

இன்னொன்று, பெட்டிக்காரர் கணக்குப் போடுகிற 'ஒரு வேளை அளவு' பெரும்பாலும் 30 கிராம். வீட்டில் சின்னத் தராசு இருந்தால் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். கார்ன்ஃப்ளேக்ஸ் லேசு, 30 கிராம் ஒரு டம்ளர் நிறைய வந்துவிடும். மூஸ்லியோ கிரனோலாவோ 30 கிராம் என்றால் டம்ளரில் மூன்றில் ஒரு பங்குதான், கிண்ணத்தில் கொட்டினால் அடியை மறைக்கும், அவ்வளவே. அதைப் பார்த்து இது போதும் என்று பாலை ஊற்றுகிற பெரியவர் யாரும் இல்லை, நம் கை தானாகவே 60, 70 கிராம் போடும். ஆகவே பெட்டியின் முன்னால் 'ஒரு வேளைக்கு இவ்வளவு கலோரிதான்' என்று போட்டிருப்பதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்றால், என் ஓட்டு சாதா ரோல்டு ஓட்ஸுக்கு, அதாவது அவல் மாதிரி நசுக்கிய ஓட்ஸுக்கு. 100 கிராமில் நார்ச்சத்து 10 கிராம் வாக்கில், புரதம் 12, 13 கிராம், சேர்த்த சர்க்கரையும் உப்பும் கிடையாது. "அது கஞ்சிப்பசை மாதிரி இருக்குமே" என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பாதிப்பேர் அதைப் பசை ஆகும்வரை காய்ச்சுவதால் வந்த கெட்ட பெயர் அது. ரோல்டு ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்துதான் வருகிறது, காய்ச்சவே வேண்டாம், ஊறினால் போதும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான ஓட்ஸை இரும்புச்சட்டியில் எண்ணெய் இல்லாமல் சின்னத் தீயில் வறுத்து வையுங்கள். நிறம் லேசாக மாறி, பிஸ்கட் வாசம் வருகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அந்த வாசம்தான் ருசியில் பாதி. ஆறினதும் டப்பாவில் போட்டு, கூடவே ஏலக்காய்ப்பொடியும் துளி உப்பும் கலந்துவிடுங்கள் (உப்பு இல்லாவிட்டால் எந்த இனிப்பும் சப்பென்று இருக்கும்). ராத்திரி படுக்கும் முன் எவர்சில்வர் டப்பாவில் நாலு மேசைக்கரண்டி ஓட்ஸ், அது மூழ்கத் தயிரும் பாலும் பாதிப்பாதி, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. காலையில் ஒரு கதளியை நறுக்கிப் போட்டு, தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. மொறுமொறுப்பு வேண்டும் என்றால் கடைசியாகச் சோளப்பொரியோ உங்களுக்குப் பிடித்த அந்தக் கிரனோலாவோ ஒரு கரண்டி மேலே தூவுங்கள், கலக்க வேண்டாம். பால், தயிர், கடலை, ஓட்ஸ் எல்லாம் சேர்ந்து 15 கிராம் புரதத்துக்குக் குறையாது. ஒரு மணி சாப்பாட்டுப் பெல் வரைக்கும் தாங்கும்.

கிரனோலா பற்றி ஒரு வார்த்தை. ஓட்ஸையும் பாதாம், முந்திரி மாதிரிப் பருப்புகளையும் எண்ணெயிலும் தேனிலோ சிரப்பிலோ பிரட்டி அவனில் சுடுவதுதான் கிரனோலா. அருமையான ருசி, நான் மறுக்கவில்லை. ஆனால் கிண்ணம் நிறையச் சாப்பிடுகிற பொருள் அல்ல, மேலே தூவிக்கொள்கிற பொருள். சாதாவாக வாங்கி இனிப்பை நம் கையால் போட்டுக்கொண்டால் ஒரு ஸ்பூனோடு நிற்கும். கம்பெனிக்காரர் கையில் விட்டால் நாலு ஸ்பூன் போட்டிருப்பார்.

எங்க காட்டு மக்காச்சோளம் பூராவும் பல்லடம் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போகுதுங்க. அதே சோளத்தைத்தானே கார்ன்ஃப்ளேக்ஸ்னு பெட்டியில போட்டு விக்கறாங்க? இதை யாருங்க முதல்ல கண்டுபிடிச்சது?
– ஒரு விவசாயி, உடுமலை

அதே மக்காச்சோளம்தான், ஆனால் முழுசாக இல்லை. கார்ன்ஃப்ளேக்ஸுக்குச் சோளத்தின் மேல் தோலையும் முளைக்கருவையும் நீக்கிவிட்டு, உள்ளே இருக்கிற மாவுப்பகுதியை மட்டும் பெரிய குருணையாக உடைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை, உப்பு, மால்ட் சேர்த்து ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, சூட்டில் வறுத்தால் ஃப்ளேக்ஸ். நார்ச்சத்து இருக்கிற தோல் போய்விட்டதால்தான் மேலே திருப்பூர்க்காரருக்கு அந்தப் பசி. உங்கள் கோழிகளுக்கு முழுச்சோளம் கிடைக்கிறது, அந்த வகையில் அவை கொடுத்து வைத்தவை.

கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் ஊரைச் சேர்ந்த கெல்லாக் சகோதரர்கள். அண்ணன் ஜான் ஹார்வி ஒரு மருத்துவர், நோயாளிகள் தங்கிச் சிகிச்சை எடுக்கிற சானிடோரியம் ஒன்றை நடத்தினார். தம்பி வில் கீத் அங்கே நிர்வாகம் பார்த்தார். 1894-ல் வேகவைத்த கோதுமை கொஞ்ச நேரம் கிடந்து பதம் மாறிவிட, வீணாக்க மனமில்லாமல் உருளையில் விட்டார்கள், தனித்தனிச் செதிலாக வந்தது. முதலில் கோதுமைதான், சோளம் பிறகு வந்தது. அப்புறம் சண்டை. தம்பி ருசிக்குச் சர்க்கரை சேர்க்கலாம் என்றார், அண்ணன் கூடாது என்றார். தம்பி 1906-ல் தனியாகக் கம்பெனி தொடங்கிவிட்டார். யார் ஜெயித்தார் என்பதற்கு இன்றைக்குக் கடை அலமாரியே சாட்சி.

வயது 52, ஆறு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை எடுக்கிறேன். டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். ஓட்ஸைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சி, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் மூன்று ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கிறேன். அப்படியும் காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 230, 240 காட்டுகிறது. ஓட்ஸும் ஏமாற்றா?
– ஒரு வாசகர், ஈரோடு

ஓட்ஸ் ஏமாற்றவில்லை அண்ணா, கூட வந்தவர்தான் ஏமாற்றுகிறார். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, அதன் மணத்திலும் ருசியிலும் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ். கொஞ்சம் தாதுக்கள் கூடுதல் என்பது உண்மை, அந்தக் கொஞ்சத்துக்காக மூன்று ஸ்பூன் போட்டால் மீட்டர் பொறுக்காது. தேன், பனஞ்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான், தனித்தனியாக எழுதிக் கேட்டிருக்கிற மற்ற நாலு பேரும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்ஸின் ரகம். பொடியாக நொறுங்கி, கொதிநீர் ஊற்றியதும் கரைகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் ரத்தச் சர்க்கரையைச் சாதா ஓட்ஸைவிட வேகமாக ஏற்றும். முழுத் தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது ஸ்டீல் கட், அப்படியே ஆவியில் வேகவைத்து நசுக்கியது ரோல்டு; இவை இரண்டின் கிளைசீமிக் எண் 55, 60 வாக்கில் நிற்கும், இன்ஸ்டன்ட் 80 பக்கம் போகும். நீங்கள் அதையும் தண்ணீராகக் காய்ச்சிக் குடிக்கிறீர்கள், மெல்ல வேண்டிய வேலைகூட இல்லை. மென்று சாப்பிடுகிற பதத்தில் சாப்பிடுங்கள். இனிப்பை விட்டுவிட்டு உப்புப் பக்கம் வாருங்கள்: ரோல்டு ஓட்ஸைத் தண்ணீர் தெளித்து உதிரியாக உப்புமா மாதிரி கிளறி, காய்கறி ஓட்ஸுக்குச் சமமாகப் போட்டு, முளைகட்டின கொள்ளோ பச்சைப்பயறோ ஒரு பிடி, கூட ஒரு முட்டை. மசாலா ஓட்ஸ் பாக்கெட் வேண்டாம், அதன் மசாலாவில் உப்பு அதிகம், சோடியம் கட்டத்தைப் பார்த்தால் நீங்களே வைத்துவிடுவீர்கள். உங்களுக்கு பி.பி.யும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 180-க்குள் என்பது பொதுவான இலக்கு, உங்களுக்கென்று டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சாப்பாட்டை மாற்றியதும் எண் இறங்கினால் மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், இறங்கின எண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டாக்டர் ஓட்ஸ் சொன்னதற்குக் கொழுப்பும் காரணமாக இருக்கலாம். ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது, ஒரு நாளைக்கு 3 கிராம் அது உள்ளே போனால் கெட்ட கொழுப்பு குறையும், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-லேயே இதை வைத்து இதயநோய் அபாயம் குறையலாம் என்று பெட்டியில் போட அனுமதித்துவிட்டது. ஆனால் அந்த 3 கிராமுக்கு ஓட்ஸ் 75 கிராம் வேண்டும். மோரில் ஒரு ஸ்பூன் ஓட்ஸைக் கலக்கிக் குடித்துவிட்டுக் கொழுப்பு குறையவில்லையே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

குழந்தைக்கென்று சாக்லேட் ஃப்ளேக்ஸ் வாங்கி வைத்தால் என் வீட்டுக்காரர் (வயது 43) ராத்திரி பத்து மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து பெட்டியையே காலி செய்கிறார். கேட்டால் 'இது சத்துணவுதானே, வைட்டமின் எல்லாம் போட்டிருக்குது' என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

வைட்டமின் போட்டிருப்பது உண்மைதான், அதோடு சாக்லேட் வகைகள் பலவற்றில் எடையில் கால் பங்குக்கு மேல் சர்க்கரையும் போட்டிருக்கிறது. 30 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கிண்ணத்தில் 70 கிராம் விழுந்தால் 21 கிராம் சர்க்கரை, அதாவது நாலு ஸ்பூனுக்கு மேல். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அவர் ராத்திரி பத்து மணிக்கு ஒரே உட்காரலில் அதில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறார். பகலில் குடித்த காபி, டீ எல்லாம் தனி. பூட்டி வைப்பதால் பயனில்லை. சாதா கோதுமை ஃப்ளேக்ஸோ பொரியோ முக்கால் கிண்ணம், அதன்மேல் சாக்லேட் வகை கால் கிண்ணம் என்று கலந்து கொடுத்துப் பாருங்கள். பாலில் சாக்லேட் நிறம் இறங்கிவிடும், ருசி பெரிதாகக் குறையாது. குழந்தைக்கும் அதையே செய்யலாம், சொல்லப்போனால் முதலில் குழந்தைக்கு.

அம்மிணி, எனக்கு 71 வயசு. கம்பங்கூழும் ராகிக்களியும் சோளச்சோறும் தின்னு வளர்ந்த ஊர்ல, எங்கிருந்தோ வர்ற ஓட்ஸை 'டாக்டர் சொன்னாரு'ன்னு காசு குடுத்து வாங்கித் திங்கறாங்க என் மகனும் மருமகளும். கூழுக்கு மேல சத்து அதுல என்ன இருக்குது? நீங்களும் இதையே எழுதுவீங்களா?
– ஒரு பெரியவர், கோபி

ஐயா, கம்பங்கூழைக் குறை சொல்கிற வாய் என்னிடம் இல்லை. கம்பில் 100 கிராமுக்கு நார்ச்சத்தும் புரதமும் ஆளுக்கு 11 கிராம் வாக்கில், இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். ஓட்ஸுக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. ராகியில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராம் பக்கம், அதே எடைப் பாலில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று பங்கு. முந்தின நாள் காய்ச்சிப் புளித்த கூழில் மோரை ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, மோர் மிளகாயோடு குடித்தால், எந்தப் பெட்டிச் சாப்பாடும் பக்கத்தில் நிற்காது. ஓட்ஸுக்கு என்று நான் ஓட்டுப் போடுவது கம்புக்கு எதிராக இல்லை, கார்ன்ஃப்ளேக்ஸுக்கு எதிராக.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கம்பை இடித்து, புடைத்து, ஊறவைத்து, காய்ச்சி, ஆற வைத்துக் கரைத்துக் கொடுத்தது யார்? உங்கள் அம்மாவும் ஆத்தாவும்தானே. மகனும் மருமகளும் எட்டு மணிக்கு இரண்டு பக்கமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற வீட்டில் அந்த வேலையை யார் தலையில் கட்டுவது? நீங்களே ராத்திரி காய்ச்சி வைத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை என்பது என் நம்பிக்கை.

இடையில் ஒரு வழி இருக்கிறது. கம்பு அவல், ராகி அவல், சோள அவல் என்று சிறுதானியத்தையே நசுக்கி விற்கிறார்கள், கோவை, ஈரோடு பக்கம் சிறுதானியக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பாக்கெட்டில் பொருள் பட்டியல் ஒரே வரிதான் இருக்க வேண்டும்: கம்பு, முடிந்தது. பத்து நிமிஷம் ஊறவைத்து மோர், வெங்காயம், கொத்தமல்லி போட்டால் அவசரக் கூழ். பாலும் பழமும் போட்டால் பேரனுக்குச் சீரியல். சின்ன அளவாக வாங்குங்கள், இவற்றில் வண்டு சீக்கிரம் விழும். கம்பு மாவும் கம்பு அவலும் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், கசக்கும், அப்படி ஆனதை மசாலா போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எந்தப் பெட்டியை எடுத்தாலும் 'மில்லட்' என்று அச்சாகியிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் சிறுதானியம் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பெட்டிகளும் உண்டு. சத்துமாவு டப்பாக்களிலும் இதே கதை, சர்க்கரை எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

கோவையில் ஐ.டி. வேலை, தனியாகத் தங்கியிருக்கிறேன். மூஸ்லி பிடிக்கும், ஆனால் விலை கட்டுப்படி ஆகவில்லை. வீட்டிலேயே கலந்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகர், சரவணம்பட்டி

தாராளமாக. மூஸ்லி என்பதே வீட்டில் கலக்கிற சாப்பாடுதான். 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து மருத்துவர் பிர்ச்சர் பென்னர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தது இது: ராத்திரி ஊறவைத்த ஓட்ஸ் ஒரே ஒரு கரண்டி, அதில் தோலோடு துருவிய முழு ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கன்டென்ஸ்டு மில்க், பாதாம் மாதிரிப் பருப்பின் தூள் கொஞ்சம். அதாவது பழம்தான் சாப்பாடு, ஓட்ஸ் துணைக்கு. இன்றைக்குப் பெட்டியில் வருவது அதைத் தலைகீழாக்கியது.

நம் ஊர்க் கலவை: ரோல்டு ஓட்ஸ் அரை கிலோ, சோள அவலோ கம்பு அவலோ 200 கிராம், வறுத்த நிலக்கடலை 150, பொட்டுக்கடலை 100, எள் 50, உலர்ந்த திராட்சை 75. தேங்காயை மெல்லிய சீவலாகச் சீவி வறுத்துப் போட்டால் கடையில் கிடைக்காத ருசி வரும், ஆனால் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. ஓட்ஸையும் அவலையும் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு கலக்க வேண்டும், சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் வேர்த்து எல்லாம் நமத்துப்போகும். பாதாம், முந்திரி, குருதிநெல்லியை (கிரான்பெர்ரி) மறந்துவிடுங்கள், பில்லை ஏற்றுவது அவைதான், உங்கள் கிண்ணத்துக்கு நிலக்கடலையே போதும். பெரிய அளவில் கலந்து மாதக்கணக்கில் வைக்காமல் இரண்டு வாரத்துக்குக் கலந்தால் கடலை சிக்கு பிடிக்காது. பழம் அன்றன்றைக்கு: கொய்யா நல்லது, பப்பாளியும், மாதுளையும். ஆப்பிள்தான் வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை.

பால் ஊற்றின அடுத்த நிமிஷமே ஃப்ளேக்ஸ் கூழாகிவிடுகிறது. காய்ச்சாத பாலை ஊற்ற மனசு வரவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாமக்கல்

உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. கெல்லாக்ஸ் 1994-ல் இந்தியாவுக்கு வந்தபோதே இதில் மாட்டியது, நம் வீடுகளில் காலையில் பால் என்றால் சூடான பால். சூட்டில் எந்த ஃப்ளேக்ஸும் நிற்காது. ராத்திரியே காய்ச்சி ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கிண்ணத்தில் முதலில் பால், ஃப்ளேக்ஸை இரண்டு தவணையாகப் போட்டுச் சாப்பிடுங்கள். பாக்கெட் பால் பாஸ்டரைஸ் செய்தது, குளிர் விடாமல் வந்திருந்தால் அப்படியே ஊற்றலாம், ஆனால் தோட்டத்திலிருந்து கறந்து வருகிற பாலைக் காய்ச்சாமல் தொடவே கூடாது. சூடாகத்தான் இறங்கும் என்றால் ஃப்ளேக்ஸை விட்டு ஓட்ஸுக்கு வந்துவிடுங்கள். குளிர்ந்த பால் வயிற்றைக் கலக்குகிறது என்றால் தயிர்.

ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்து சேர்த்த சீரியல் சாப்பிட்டால் ஏறுமா?
– ஒரு வாசகி, பெருந்துறை

9.8 என்பது சீரியலால் சரிசெய்கிற எண் அல்ல. டாக்டரைப் பார்த்து, ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்து, மாத்திரை தந்தால் ஒழுங்காகப் போடுங்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சீரியல் சாப்பிட்டால் கூடவே டீ குடிக்காதீர்கள், டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். பக்கத்தில் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் அதன் வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும்.

பேக்கரியில் விற்கிற கார்ன்ஃப்ளேக்ஸ் மிக்சரும் கார்ன்ஃப்ளேக்ஸ்தானே? காலையில் அதையே சாப்பிட்டால் என்ன?
– ஒரு வாசகர், கரூர்

குறும்புக்காரர். அதைப் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்துத்தான் எடுக்கிறார்கள், மேலே உப்பும் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும். சாயங்காலம் டீயோடு ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். காலையில் வேண்டாம்.

அடுத்த இதழுக்கு டிபன் பாக்ஸ் பற்றிய கேள்விகளை அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் ஊரை மட்டும் எழுதினால் போதும்.